சில்வெஸ்டரின் நீளக்குழல்

எங்கள் சிற்றாலயத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குக் கூரை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமியார் பிரசங்கத்தில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் சாத்துவது என் வேலை. எழுந்து போய்ப் பார்த்தால், வெளியே ஓர் ஆள் நனைந்துகொண்டே மோட்டார் மோட்டாராக நடந்துகொண்டிருந்தார். சீட்டின் மேல் மல்லாக்க வைத்திருந்த ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரை உதறி, உள்ளே இருக்கும் பஞ்சைத் தன் கைக்குட்டையால் ஒற்றி, கவிழ்த்து வைத்துக்கொண்டே போனார். கடைசி மோட்டார் வரைக்கும் போய்விட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து, பின்வரிசையில் முழங்காலில் நின்றுகொண்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தவர்கள், "பரவால்லையே, ஹெல்மெட் நனையாம இருக்கு" என்றார்கள்.

"ஆமாலா, நல்ல வேளை" என்று அவரும் சேர்ந்து சொன்னார். இதில் என்ன விசேஷம் என்றால், அவர் மோட்டாரில் வந்தவரே இல்லை. அன்று காரில் வந்திருந்தார்.

அவர்தான் சில்வெஸ்டர். மெர்போக் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் பிறந்தவர். தோட்டம் செம்பனையாக மாறி, தொழிலாளர் லயன் வீடுகளை இடித்த பிறகு, சுங்கை பட்டாணியில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், எங்கள் வரிசையிலேயே வீடு வாங்கி வந்தார். கூலிமில் ஒரு கம்பெனியில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை. சிப்டு வேலைதான். கம்பெனி பஸ் முச்சந்தியில் வந்து நிற்கும். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என்று அவருடைய சூரியன் மட்டும் தினுசாக உதிக்கும். அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டதை நான் பார்த்ததில்லை. சில நாள் முழங்காலில் நின்றபடியே தூங்கிவிடுவார். ஆண்டவர் அதையும் ஜெபமாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

அவர் மனைவி ஜேன். எங்கள் பாடகர் குழுவுக்கு அவள்தான் குரல். எங்களுக்கெல்லாம் பாட்டு என்றால் ஜேன் தொடங்குவது, நாங்கள் பின்னால் போவது. யாராவது ஓர் இடத்தில் தப்பாகப் பாடினால் அவள் புருவம் மேலே ஏறும். வாய் பாடிக்கொண்டே இருக்கும், புருவம் மட்டும் ஆளைத் தேடும். "ஜேன் புருவத்துக்குப் பயந்தே நான் மெதுவாப் பாடுவேன்" என்று சில்வெஸ்டரே சொல்வார். அவருக்குப் பாட வராது.

அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து எடுத்தார்கள். கட்டி நல்லபடியாகப் போனது. கெட்ட கட்டி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். நாங்கள் நவநாள் வைத்து நன்றி சொன்னோம். பேச்சும் திரும்பி வந்தது. பாட்டில் மேலே போகும் இடம் மட்டும் வரவில்லை. குழுவுக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, காணிக்கைப் பாட்டின் நடுவில், மேலே ஏறும் வரியில் குரல் கிழிந்துவிட்டது. அவள் பாட்டுப் புத்தகத்தை மூடி, கீபோர்டின் மேல் வைத்துவிட்டு, பாடகர் மேடையிலிருந்து இறங்கி வந்து பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு மேலே போகவே இல்லை. பாட்டு நேரத்தில் உதடு மட்டும் அசையும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குக்கூட ஒரு சத்தமும் கேட்காது. வீட்டிலும் அப்படித்தான். துணி காயப்போடும்போதுகூட ஏதாவது ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருப்பாளே, அதுவும் நின்றுபோனது.

ஒருநாள் சில்வெஸ்டர் என் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நான் புல்லாங்குழல் கத்துக்கப் போறேன்."

"என்ன தம்பி திடீர்னு?"

"வீட்டுல யாராவது ஒருத்தர் சத்தம் போடணும்ல?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுக்குன்னு மட்டும் ஜேன்கிட்ட சொல்லிடாதீங்க. தப்பாப் பாடினா அவளுக்குப் பொறுக்காது, உங்களுக்குத் தெரியும்ல? நான் வீட்டுல உக்காந்து தப்புத் தப்பா ஊதினா எத்தன நாளைக்கு அவ சும்மா இருப்பா? ஒருநாள் இல்ல ஒருநாள் வாயத் திறந்து, 'அப்படி இல்லங்க, இப்படி'ன்னு பாடிக் காட்டித்தானே ஆவணும்?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "மாதா துணை இருப்பாங்க. ஆனா சரியா ஊதவும் கத்துக்க" என்றேன்.

"அதுவும்தான் அக்கா. திருவிழாப் பூசையில ஒரு தடவையாவது மேல ஏறி நிக்கணும்னு எனக்கும் ஆசைதான்."

எந்தக் குழலை வாங்குவது என்று முதலில் அமலனிடம் கேட்டார். அமலன்தான் எங்கள் கீபோர்டு. அலோர் ஸ்டாரில் அரசாங்க ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஊருக்கு வந்துவிடுவான். நல்ல பிள்ளை. வேதாகமத்தைத் தொடுவதுபோல்தான் கீபோர்டைத் தொடுவான்.

"தம்பி, நம்ம பாட்டெல்லாம் எந்தச் சுருதி?"

"சி-தான் அங்கிள். எல்லாப் பாட்டும் சி."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"அங்கிள், பத்து வருசமா வாசிக்கிறேன்லா. என் கை சி-ய விட்டு எங்கயும் போனதே இல்ல."

அது உண்மைதான். அவன் கை போனதில்லை.

பினாங்குக்கு சில்வெஸ்டர், ஜேன், நான் என்று மூன்று பேருமாகப் போனோம். எனக்கு பீடத்துக்கு மெழுகுவர்த்தி வாங்க வேண்டியிருந்தது. லிட்டில் இந்தியாவில், பூஜைச் சாமானும் வாத்தியமும் சேர்த்து விற்கிற ஒரு கடை. கடைக்காரர் பெயர் அழகேசன். சில்வெஸ்டர் கேட்டதும் அவர் உடனே குழலை எடுக்கவில்லை.

"யாருக்குண்ணே? பிள்ளைக்கா?"

"எனக்குத்தான்."

"அப்ப கையக் காட்டுங்க."

சில்வெஸ்டர் கையை நீட்டினார். ஸ்பேனர் பிடித்துப் பிடித்துத் தடித்துப்போன விரல்கள். அழகேசன் சோதிடக்காரர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கைக்கு அஞ்சு கட்டைக் குழல் சரியா இருக்கும். சின்னது, விரல் எட்டும். நீங்க கேக்குற சி, ஒரு கட்டை. நீளமான குழல். குழல் நீளம் ஆக ஆக சுருதி இறங்கும், துளைக்குத் துளை தூரமும் கூடும். பழகுறவங்களுக்குக் கஷ்டம்ணே. குழலைப் பொறுத்த வரைக்கும் வீணை மாதிரி முறுக்கிச் சுருதிய மாத்த முடியாது. மூங்கில் என்ன சொல்லுதோ அதுதான்."

"பரவால்லண்ணே. எங்க கோயில்ல சி-லதான் பாடுறாங்க. சி-யே குடுங்க."

அழகேசன் நீளக் குழல்களாகச் சிலவற்றை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். ஒவ்வொன்றையும் மேசையில் உருட்டிப் பார்த்தார். நேராக இருப்பது அமைதியாக உருளும், வளைந்தது தடதடவென்று துள்ளும் என்றார். துள்ளியதை ஒதுக்கினார். வாய்த்துளைக்குப் பக்கத்தில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். மிஞ்சியதை ஊதிக் காட்டத் தொடங்கினார்.

எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. சில்வெஸ்டரைப் பார்த்தால், அவர் குழலைப் பார்க்கவே இல்லை. கடை வாசலில் மல்லிகைச் சரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஜேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அழகேசன் ஒரு குழல் ஊதினார், ஜேன் பூவைப் பார்த்தாள். இன்னொன்று ஊதினார், ஜேன் பூவையே பார்த்தாள். அதற்கடுத்ததை ஊதியபோது அவள் தலை லேசாக இந்தப் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான்.

"இதுதாண்ணே" என்றார் சில்வெஸ்டர்.

"நீங்க இன்னும் கையில எடுத்தே பாக்கலையே?"

"வேணாம். கட்டிடுங்க."

காரில் வரும்போது, ஜேன் முன்சீட்டில் தூங்கிவிட்ட பிறகு, "எத வச்சுத் தம்பி இத எடுத்த?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும் அக்கா? அவ திரும்பிப் பாத்தா."

வகுப்பு சுங்கை பட்டாணியில், கடை வீட்டு மாடி ஒன்றில். சொல்லிக் கொடுப்பவள் சாந்தினி. சில்வெஸ்டரின் மகள் வயதுதான் இருக்கும். நெற்றியில் விபூதிக் கீற்று, மேசையில் சின்னப் பிள்ளையார், அவள் குழல் ஊதினால் பாசார் சத்தமே அடங்கிவிடும். மற்ற மாணவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களோடு பிளாஸ்டிக் முக்காலியில் இவரும் உட்காருவார். அந்தப் பிள்ளைகள் இவருக்கு வைத்த பெயர் "கிளாஸ்மேட் அங்கிள்".

"அங்கிள், ஊதாதீங்க" என்பாளாம் சாந்தினி.

"ஊதாம எப்படி டீச்சர்?"

"ஊதுறது டயருக்கு. குழலுக்கு மூச்ச விட்டாப் போதும்."

மூச்சு விட்டார், மயக்கம் வந்தது. சத்தம் வந்தது, சுரம் வரவில்லை. சுரம் வந்தபோது வலது சுண்டுவிரல் கடைசித் துளையை எட்டவில்லை. அந்த விரலை இழுப்பதற்காக, கம்பெனி பஸ்ஸில் மடக்கிய குடையைக் குறுக்கே பிடித்து விரல் விரலாகத் தட்டிக்கொண்டே போவார். கூட வேலை செய்யும் தேவன் விடவே மாட்டான்.

"என்னண்ணே, குடைக்கு மசாஜா?"

"ஆமாடா. கை கால் வலிக்குதுன்னு சொல்லிச்சு."

வீட்டில் அவர் ஊதும்போது, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கக் ரோஸ் வேலிக்கு மேல் தலையை நீட்டுவார். "சில்வெஸ்டர், ஆயேர் சுடா மாசாக் கா?" விசிலடிக்கும் கேத்தலில் தண்ணீர் கொதித்துவிட்டதா, அடுப்பை அணைக்கக் கூடாதா என்று கேட்கிறார். "பெலும் கக், செபெந்தார் லாகி!" என்பார் இவர், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று. அந்தத் தண்ணீர் கொதிக்க ஒரு வருசத்துக்கு மேல் ஆனது.

ஜேன் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். அவர் தப்பாக ஊதும்போது புருவம் ஏறும். அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வாய் திறக்காது. எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிடுவாள். "எங்க வீட்டுப் பாத்திரம் மாதிரி சுத்தமான பாத்திரம் இந்தத் தாமான்லயே கிடையாது அக்கா" என்பார் சில்வெஸ்டர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் நாளாக நாளாக அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஒருவழியாகக் காணிக்கைப் பாட்டு அவருக்கு வந்துவிட்டது. சாந்தினி தன் போனில் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ச ரி க ம போட்டுக் கொடுத்திருந்தாள். "டீச்சர், இது எங்க சாமி பாட்டு. உங்களுக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாராம். "சுரத்துக்கு ஏது அங்கிள் சாமி வித்தியாசம்?" என்றாளாம் அவள்.

சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்தார். கையில் துணிப்பை. உள்ளே நீளக் குழல். குழுவில் எல்லாரும் கை தட்டினார்கள். ஜேனுக்குப் பிறகு முன்னால் நின்று பாடுவது ஜெசிகா; ஆறாம் படிவத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்பில் படிக்கிற பெண். அமலன் கீபோர்டில் தொடங்கினான், ஜெசிகா பாடினாள், சில்வெஸ்டர் குழலை உதட்டில் வைத்தார்.

நான் பீடத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சங்கீதம் தெரியாத எனக்கே பல் கூசியது. அவர்கள் ஒரு சாலையில் போகிறார்கள், இவர் பக்கத்தில் பள்ளத்தில் போகிறார். நிறுத்தினார்கள். மறுபடியும் தொடங்கினார்கள். மறுபடியும் அதேதான்.

"அங்கிள், உங்க குழல் சி-யா?"

"சி-தான் தம்பி. கடையில எழுதியே ஒட்டியிருக்கு."

"என்னதும் சி-தான்லா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெசிகாதான் கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து, "அண்ணா, இந்த டேப்புக்குக் கீழ என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

கீபோர்டின் நடுவில், பட்டன்களையும் சின்னத் திரையையும் மூடிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஞாயிறு மறைக்கல்விக்கு வரும் குழந்தைகள் பட்டனை அமுக்கிவிடுகிறார்கள் என்று அமலனே ஒட்டியது. ஒட்டி எத்தனையோ காலமாகிவிட்டது. அந்தக் கீபோர்டு ஒரு தடவை வைத்ததை விடாத பழைய காலத்துக் கீபோர்டு. டேப்பைப் பிய்த்தார்கள். திரையில் ஒரு நாலு தெரிந்தது.

அமலன் தலையில் கை வைத்தான். "ஐயோ அங்கிள்!"

விஷயம் இதுதான். அமலனுக்கு சி மட்டும்தான் வாசிக்கத் தெரியும். பாடுகிறவர் குரலுக்கு ஏற்ற மாதிரி ஒரு பட்டனை அமுக்கினால், கை சி-யில் இருக்கும், சத்தம் மட்டும் மேலே ஏறி வரும். ஜேன் நன்றாகப் பாடிய காலத்தில், அவள் குரலுக்காக நாலு படி ஏற்றி வைத்திருந்தார்கள். வைத்ததை மறந்தார்கள், மேலே டேப்பும் ஒட்டினார்கள். ஜெசிகாவுக்கும் அந்தச் சுருதி ஒத்துவந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. சில்வெஸ்டரும் சிரித்தார். "ஒரு வருசமா பள்ளத்துலயே ஓட்டியிருக்கேன்!" என்றார். துணிப்பையில் குழலைப் போடும்போது மட்டும் அவர் கை மெதுவாக அசைந்தது.

சாந்தினி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். பிறகு தன்னுடைய மூன்று கட்டைக் குழல் ஒன்றை இரவல் கொடுத்தாள். அது நீளம் குறைவு, எங்கள் குழுவின் சுருதிக்குச் சரியாக இருந்தது. சுண்டுவிரலும் சுலபமாக எட்டியது. அடுத்த ஒத்திகையில் அவர் ஊதினார். ஆண்டவரே, எவ்வளவு அழகாகச் சேர்ந்தது! அமலன் எழுந்து வந்து கட்டிப்பிடித்தான். திருவிழாப் பூசையில் காணிக்கைப் பாட்டுக்கு சில்வெஸ்டர் குழல் என்று சாமியாரிடமும் சொல்லிவிட்டார்கள்.

நீளக் குழலை என்ன செய்தார் தெரியுமா? கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று சாந்தினி சொல்லியும் கொடுக்கவில்லை. "பாவம், அதுவும் நம்மள நம்பி வந்ததுதானே" என்று வீட்டில் அதைத்தான் ஊதிக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்கு முந்தின வாரம். அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க நான் ஜேன் வீட்டுக்குப் போயிருந்தேன். நாங்கள் இருவரும் அடுப்படியில். சில்வெஸ்டர் முன்கூடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நீளக் குழலில் காணிக்கைப் பாட்டை ஊதிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டை அந்தக் குழலில் வீட்டில் அவர் ஊதி நான் கேட்டது அன்றுதான். மெதுவான, கனமான சத்தம். இரண்டாவது வரியில், மேலே ஏறும் இடத்தில், விரல் தவறியது. திரும்ப ஊதினார். திரும்பவும் தவறியது.

ஜேன் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டே அந்த வரியைப் பாடினாள்.

அவள் பாடியது அவளுக்கே தெரியவில்லை. கத்தியைக் கீழே வைக்கிற மாதிரி, ஈயை ஓட்டுகிற மாதிரிதான் பாடினாள். முன்னே இருந்த குரல் இல்லை அது. கொஞ்சம் கரடு, கொஞ்சம் ஆழம். ஆனால் மேலே ஏறும் இடத்துக்குப் போனது, அங்கே கிழியாமல் நின்றது, இறங்கி வந்தது. பாடி முடித்த பிறகுதான் அவள் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

சில்வெஸ்டர் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அந்த முதுகு அசையவே இல்லை, மூச்சு விடாத முதுகு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினார். இரண்டாவது வரி வந்தது. இந்த முறை நான், வலது தோளைத் தாண்டி நீண்ட குழலின் மேல் இருந்த அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிய சுண்டுவிரலை அவரே வேண்டுமென்று தூக்கினார். தப்புச் சுரம் விழுந்தது.

"அட, அப்படி இல்லங்க!" என்று ஜேன் சலித்துக்கொண்டு, மறுபடியும் பாடிக் காட்டினாள்.

நான் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். வெங்காயம் உரித்தால் கண்ணில் தண்ணீர் வரத்தானே செய்யும், யாரும் கேட்கவில்லை.

சாந்தினியிடம் போய் இதைச் சொன்னாராம். அவள் யோசித்துவிட்டு, "ஆன்ட்டிக்குக் குரல் போகல அங்கிள். கீழ இறங்கியிருக்கு, அவ்வளவுதான். இத்தன நாளும் பழைய சுருதியிலயே தொடங்கித் தொடங்கி முட்டியிருக்காங்க. உங்க நீளக் குழல் அவங்க இப்ப இருக்குற இடத்துல இருக்கு" என்றாளாம்.

திருவிழாவுக்கு முந்தின ஒத்திகைக்கு சில்வெஸ்டர் நீளக் குழலோடு வந்து நின்றார்.

"அங்கிள், மாத்திக் கொண்டு வந்துட்டீங்க" என்றான் அமலன்.

"இல்ல தம்பி. தெரிஞ்சுதான் கொண்டு வந்தேன். அந்த நாலைப் பூஜ்யம் ஆக்கு."

"நாளைக்குத் திருவிழா அங்கிள்! எல்லாரும் அந்தச் சுருதிக்குப் பழகியிருக்காங்க. அந்தச் சின்னக் குழல் எவ்வளவு நல்லா இருந்துச்சு! இது உங்களுக்கே எட்டாதேலா. நாளைக்கு எல்லார் முன்னாடியும் தப்பு வந்துச்சுன்னா?"

"வந்தா வரட்டும்."

"ஏன் அங்கிள்?"

சில்வெஸ்டர் பின்வரிசையைப் பார்த்தார். அங்கே ஜேன் உட்கார்ந்து, மாலைக்குப் பூ பிரித்துக்கொண்டிருந்தாள். ஜெசிகா அவர் பார்த்த பக்கம் பார்த்தாள். புத்திசாலிப் பெண்.

"அண்ணா, பூஜ்யம் ஆக்குங்க" என்றாள். "எனக்குக் கொஞ்சம் தாழ்வாத்தான் இருக்கும். நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் சிற்றாலயம் நிறைந்து, வெளியே கொட்டகை வரைக்கும் ஆட்கள். ஜேன் வழக்கம்போல என் பக்கத்தில், பின்வரிசையில். காணிக்கை நேரம் வந்தது. அப்பமும் திராட்சை இரசமும் எடுத்து வருகிறவர்கள் வாசலில் நின்றார்கள். சில்வெஸ்டர் மேலே, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், குழலைக் குறுக்கே பிடித்து நின்றார். அந்த இடத்தில் ஒருமுறையாவது நிற்க வேண்டும் என்று அவருக்கு எத்தனை ஆசை என்று எனக்குத் தெரியும்.

முதல் வரி ஒரு பிசிறில்லாமல் வந்தது. ஜேன் உதடு அசைந்தது, சத்தம் இல்லை.

இரண்டாவது வரி. மேலே ஏறும் இடம். நான் அவர் விரலைப் பார்த்தேன். அவ்வளவு ஜனத்துக்கு முன்னால், சாமியாருக்கு முன்னால், அந்தச் சுண்டுவிரலைத் தூக்கினார்.

நாலைந்து தலைகள் நிமிர்ந்தன. யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அமலன் முகம் சுருங்கியது. என் பக்கத்தில் ஜேன் புருவம் நெற்றி வரைக்கும் ஏறியது. ஒரு நொடி குழாயைத் தேடுகிறவள் மாதிரி அங்குமிங்கும் பார்த்தாள். பூசையில் குழாய்க்கு எங்கே போவாள்? வாயைத் திறந்து சரியான வரியைப் பாடினாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு கரடான குரல் வந்ததும் முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஜெசிகா தன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சில்வெஸ்டர் அடுத்த வரியை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் விரல் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஜேன் எல்லா வரியும் பாடவில்லை. நடுவில் சில இடங்களில் மூச்சு வாங்கி விட்டுவிட்டாள். ஆனால் கடைசிச் சரணம் முழுவதும் பாடினாள். பாடும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், மோதிரம் விரலில் பதிந்துவிட்டது.

சாப்பாட்டுக் கொட்டகையில் அமலன் அவரைப் பிடித்துக்கொண்டான். "சொன்னேன்ல அங்கிள்? ரெண்டாவது வரியில கவுத்துட்டீங்களே! முன்னயே சொன்னேன், எட்டாதுன்னு."

"நெர்வஸ்லா தம்பி" என்று சொல்லிவிட்டு, சில்வெஸ்டர் ரசத்தைக் குடித்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக் கவிழ்த்தது யார் என்றும் நான் அன்று சொல்லவில்லையே.

அதற்குப் பிறகு ஜேன் மேலே ஏறி நின்று பாடத் தொடங்கினாள். எல்லா ஞாயிறும் இல்லை; தொண்டை ஒத்துழைக்கும் ஞாயிறுகளில். அன்றைக்கு அமலன் பூஜ்யத்தில் வைப்பான், சில்வெஸ்டர் நீளக் குழலை எடுப்பார். மற்ற நாட்களில் நாலு, ஜெசிகா, இரவல் குழல். புருவமும் பழையபடி வேலை செய்யத் தொடங்கியது. எங்களுக்கெல்லாம் பயம் திரும்பி வந்தது, ஆண்டவருக்கு நன்றி.

போன வருசம் கம்பெனி அவர் பிரிவை ஜொகூருக்கு மாற்றியது. மகளும் அங்கேதான் கைக்குழந்தையோடு இருக்கிறாள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கக் ரோஸ் வேலியருகில் நின்று அழுதார். "இனி எங்க வீட்டுத் தண்ணீர் கொதிப்பதை யார் சொல்வார்?" என்று மலாயில் கேட்டார். ஜேன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். சில்வெஸ்டர் இரவல் குழலைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, சாந்தினியிடம் சேர்த்துவிடச் சொன்னார். நீளக் குழல் பின்சீட்டில், தலையணைகளுக்கு நடுவில், பிள்ளை மாதிரி படுத்திருந்தது.

காருக்குள் ஜேன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியை இறக்கி, அவளுக்குக் கேட்காத மாதிரி என் பக்கம் குனிந்தார்.

"அக்கா, அமலன்கிட்ட சொல்லுங்க, அந்தப் பட்டன் மேல மறுபடியும் டேப் ஒட்ட வேணாம்னு. நாங்க வருவோம். இவ குரல் இன்னும் கொஞ்சம் இறங்கினாலும் இறங்கும்னு டீச்சர் சொல்றாங்க. இறங்கட்டுமே. நான் இன்னும் நீளமா ஒண்ணு பாத்து வாங்கிக்கிறேன். சுண்டுவிரல் எட்டாது, பரவால்ல. இழுத்துக்கலாம்."